கசப்பு குறைவாக, சாக்லேட் சுவை தூக்கலாக ஒரு எஸ்பிரெசோ பிளெண்ட்: எதை வாங்கலாம்?

அடையாறு_மழை:

வணக்கம். வீட்டுக்கு ஒரு சின்ன எஸ்பிரெசோ மெஷினும், கையால் சுற்றும் கிரைண்டரும் வாங்கியிருக்கிறோம். காலையில் நான் பால் சேர்க்காமல் குடிப்பேன். மாலையில் வீட்டுக்காரருக்குக் கப்புச்சினோ. டார்க் சாக்லேட், வறுத்த பாதாம் என்கிற சுவை நன்றாகத் தெரிய வேண்டும், குடித்து முடித்த பிறகு தொண்டையில் கசப்பு தங்கக் கூடாது. பழச்சுவை, புளிப்பு இரண்டும் எனக்குப் பிடிக்காது.

சூப்பர் மார்க்கெட்டில் 'இத்தாலியன் டார்க் ரோஸ்ட்' என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். உறையில் டார்க் சாக்லேட், வால்நட் என்று போட்டிருக்கிறது. கோப்பையில் வருவது கரிந்த கசப்பு மட்டும்தான். கொட்டை கறுத்து, எண்ணெய் மினுங்குகிறது. வறுத்த தேதி எங்கேயும் இல்லை, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி மட்டும் இருக்கிறது.

காபியில் அரபிகா, ரோபஸ்டா என்று இரண்டு வகை உண்டே, அரபிகா மட்டும் உள்ளதை வாங்க வேண்டுமா, ரோபஸ்டா கலந்தது பரவாயில்லையா? நம் பக்கத்துக் காபியிலேயே இந்தச் சுவை கிடைக்குமா? கால் கிலோ 600 ரூபாய்க்குள் இருந்தால் நல்லது.

கப்_அண்ட்_சாசர்:

100 சதவீத அரபிகா என்று போட்டிருப்பதை வாங்குங்கள், கசப்பு போய்விடும். ரோபஸ்டாவில் கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கசப்புக்குக் காரணமே அதுதான்.

வறுகடை_கோவை:

மேலே நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. அரபிகாவில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் 2.2 சதவீதம் அளவுக்குக் கஃபீன் இருக்கிறது. ஆனால் காபியின் மொத்தக் கசப்பில் கஃபீனின் பங்கு சின்னதுதான். கஃபீன் நீக்கிய காபியைக் குடித்துப் பாருங்கள், அதுவும் கசக்கும்.

கசப்பில் பெரும்பகுதி வறுக்கும்போது உருவாகிறது. பச்சைக் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலங்கள் நிறைய உண்டு. நடுத்தரமாக வறுத்தால் அவை லாக்டோன்கள் என்ற சேர்மங்களாக மாறும். அந்தக் கசப்பு இதமானது, காபிக்கு வேண்டியதும்கூட. வறுவலை மேலும் இழுத்தால் லாக்டோன்கள் உடைந்து ஃபீனைலிண்டேன் என்ற சேர்மங்களாக மாறுகின்றன. நாக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு போகவே போகாத கசப்பு அதுதான். ஜெர்மனியில் தாமஸ் ஹோஃப்மன் குழுவினர் 2007-ல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். நீங்கள் வாங்கிய கறுத்த, எண்ணெய் கசிந்த கொட்டையில் அரபிகா மட்டுமே இருந்திருந்தாலும் இதேபோலத்தான் கசந்திருக்கும்.

சாக்லேட் சுவையும் வறுவலில்தான் வருகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் பைரசீன் போன்ற மணப்பொருள்கள் காபியிலும் உண்டு, வறுத்த கோகோவிலும் உண்டு. அதனால்தான் கொட்டையில் சாக்லேட் சேர்க்காமலே சாக்லேட் வாசனை வருகிறது. வறுக்கும் டிரம்மில் சூடு ஏற ஏறக் கொட்டை இரண்டு முறை படபடவென்று வெடிக்கும். முதல் வெடிப்பு ஏறக்குறைய 196 முதல் 205 டிகிரிக்குள் கேட்கும். இரண்டாம் வெடிப்பு 225 டிகிரி வாக்கில். முதல் வெடிப்பு முடிந்து, இனிப்பு நன்றாகத் திரண்டு, இரண்டாம் வெடிப்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இறக்கிவிட வேண்டும். நீங்கள் கேட்கும் சுவை அந்தச் சின்ன இடைவெளியில்தான் இருக்கிறது. அங்கே சீக்கிரம் இறக்கினால் புளிப்பு மிஞ்சும், தாமதித்தால் கரி.

ஆகவே அரபிகாவா ரோபஸ்டாவா என்று பார்ப்பதற்கு முன்னால் வறுவலைப் பாருங்கள். உறையில் 'மீடியம் டார்க்' என்று இருக்க வேண்டும். கொட்டை நல்ல பழுப்பு நிறத்தில், மேலே எண்ணெய் இல்லாமல் உலர்ந்து இருக்க வேண்டும். வறுத்த தேதி போடாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

சேர்வராயன்_சாரல்:

ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னத் தோட்டம் உண்டு. சில்வர் ஓக் நிழல், மரமெல்லாம் மிளகுக் கொடி, நடுவில் காபி. கொட்டைப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் காபியிலேயே கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கிடைக்கும், தென்னிந்திய அரபிகாவின் இயல்பே அதுதான். எத்தியோப்பியா, கென்யா காபிகளில் இருக்கும் கூர்மையான புளிப்பு இங்கே குறைவு. எஸ்.795 என்ற ரகத்தைத் தேடுங்கள். 1940-களில் கர்நாடகத்தில் உள்ள பாலெஹொன்னூர் மத்திய காபி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. எஸ்.288 என்ற வகையையும் பழைய கெண்ட் ரகத்தையும் கலப்பு செய்து எடுத்தார்கள். சிக்கமகளூரு, குடகு, சேர்வராயன், பழனி மலை என்று எல்லா இடத்திலும் பரவலாக இருக்கிறது. சரியாக வறுத்தால் கோகோவும் மெல்லிய மசாலா வாசனையும் வரும். செலக்‌ஷன் 9 என்ற இன்னொரு ரகத்தில் எத்தியோப்பிய வழி ரத்தம் இருப்பதால் அதில் பூ வாசனையும் பழமும் கூடுதல். அருமையான காபிதான், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

பதப்படுத்தும் முறையும் முக்கியம். தோல் நீக்கிக் கழுவி உலர்த்தியதை இங்கே பிளாண்டேஷன் என்போம். பழத்தோடு அப்படியே களத்தில் காய வைத்தது செர்ரி. கழுவியது சுத்தமாக, தெளிவாக இருக்கும். செர்ரியில் இனிப்பும் கனமும் அதிகம், கூடவே பழச்சுவையும் ஏறும். இப்போது சில தோட்டங்களில் பழச்சுவை வேண்டுமென்றே நாள்கணக்கில் மூடிப் புளிக்க வைக்கிறார்கள். உறையில் 'அனரோபிக்', 'கார்பானிக் மாசரேஷன்' என்று இருந்தால் தள்ளி வைத்துவிடுங்கள்.

உங்களுக்குப் பொருந்தக்கூடிய இன்னொன்று மான்சூன்ட் மலபார். கழுவாமல் உலர்த்திய கொட்டையை மங்களூரு பக்கத்துக் கிடங்குகளில் தென்மேற்குப் பருவக்காற்று படும்படி பரப்பி, வாரிக் கொட்டி, மறுபடி பரப்பி வைப்பார்கள். கொட்டை ஈரம் குடித்து உப்பி, வெளிறிப் போகும். புளிப்பு அறவே போய்விடும், கனம் கூடும். புவிசார் குறியீடு பெற்ற காபி. தனியாகப் போட்டால் சிலருக்கு மண்வாசனை தட்டும். பிளெண்டில் கால் பங்கு இருந்தால் அவ்வளவு நன்றாக உட்காரும்.

டொரோண்டோ_தமிழ்:

நான் வெளிநாட்டுப் பிராண்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே கடைக்குக் கடை கிடைப்பது லவாஸ்ஸா, இல்லி இரண்டும்தான். லவாஸ்ஸா 1895-ல் டூரினில் தொடங்கியது. அவர்களுடைய சிவப்பு உறை, குவாலிடா ரோஸ்ஸா, அரபிகாவும் ரோபஸ்டாவும் கலந்தது. சாக்லேட் பக்கம் சாய்ந்த சுவை. பாலுடன் நன்றாகப் போகும். இல்லி ட்ரியெஸ்டே நகரத்து நிறுவனம், 1933-ல் தொடங்கியது. அரபிகா மட்டுமே போடுவார்கள். அவர்களின் வழக்கமான சிவப்புப் பட்டை டின் மென்மையாக, கொஞ்சம் பூவாசனையோடு இருக்கும். சாக்லேட் வேண்டுமென்றால் இன்டென்ஸோ.

இத்தாலியிலேயே வடக்கும் தெற்கும் வேறு. வடக்கே வறுவல் இளசு, அரபிகா அதிகம். நேபிள்ஸ் பக்கம் போகப் போக வறுவல் கறுக்கும், ரோபஸ்டாவும் கூடும். அங்கே அந்தக் கசப்போடு சர்க்கரை போட்டுக் குடிப்பது வழக்கம். சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவர்கள் நேபிள்ஸ் பாணி பிளெண்டை வாங்கினால் கஷ்டம்தான். 'இத்தாலியன் டார்க்' என்ற பெயரில் விற்பதில் முக்கால்வாசி அந்தப் பாணி.

இங்குள்ள சின்ன ரோஸ்டர்கள், அதாவது காபி வறுத்து விற்பவர்கள், எஸ்பிரெசோவுக்கு அடிப்படையாக வைப்பது பெரும்பாலும் பிரேசில் காபியைத்தான். செர்ராடோ, சுல் தெ மினாஸ் பகுதிகளில் பழத்தோடு உலர்த்தியது. புளிப்பு மிகக் குறைவு, பால் சாக்லேட், நிலக்கடலை. அதன்மேல் கொஞ்சம் கொலம்பியா அல்லது குவாத்தமாலா சேர்த்து உயிர் கொடுப்பார்கள்.

ஆனால் கப்பலேறி வந்து சென்னையில் அலமாரியில் நிற்கும் பாக்கெட்டுக்கு வயது அதிகமாகத்தான் இருக்கும். பிராண்டு எவ்வளவு பெரிதானாலும் அதை மாற்ற முடியாது. நான் சென்னையில் இருந்தால் சிக்கமகளூரு காபியைப் புதிதாக வறுத்து அனுப்புகிறவர்களிடம்தான் வாங்குவேன். போன முறை ஊருக்கு வந்தபோது ப்ளூ டோக்காய் நிறுவனத்தின் அட்டிகான் குடித்தேன், பிலிகிரிரங்கா மலைக் காபி. எனக்குப் பிடித்திருந்தது.

கப்_அண்ட்_சாசர்:

வறுகடை அண்ணா, வறுவல் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரோபஸ்டாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். எவ்வளவு இளசாக வறுத்தாலும் அதில் ஒரு ரப்பர், சாக்குப்பை வாசனை இருக்கிறது. சாக்லேட் தேடுகிற ஒருவருக்கு அதைப் போய்ச் சொல்லலாமா?

வறுகடை_கோவை:

நீங்கள் குடித்தது ரோபஸ்டா செர்ரியாக இருக்கும். பழுத்ததும் பழுக்காததும் சேர்த்துப் பறித்து அப்படியே உலர்த்தியது. அதில் அந்த வாசனை வருவது உண்மை. கழுவிய ரோபஸ்டா வேறு விஷயம். ரோபஸ்டா பார்ச்மெண்ட் என்று கேளுங்கள், அதில் உயர்ந்த தரத்தைக் காபி ராயல் என்ற பெயரில் விற்பார்கள். குடகு, வயநாடு, சிக்கமகளூரின் தாழ்ந்த சரிவுகளிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ரோஸ்டர்கள் நம் கழுவிய ரோபஸ்டாவை எஸ்பிரெசோவுக்கென்றே தேடி வாங்குகிறார்கள்.

பிளெண்டில் 10 முதல் 15 சதவீதம் போட்டால் கிரீமா, அதாவது எஸ்பிரெசோவின் மேல் நிற்கும் நுரை, திடமாக நிற்கும், வாயில் கனம் கூடும், கோகோச் சுவைக்கு ஒரு அடித்தளம் கிடைக்கும். பாலில் போட்டாலும் காபி கரைந்து காணாமல் போகாது. 30 சதவீதத்தைத் தாண்டினால் கசப்பு தலைதூக்கும், அங்கே உங்கள் பக்கம் நான் நிற்கிறேன். அதனால் உறையில் ரோபஸ்டா என்ற சொல்லைப் பார்த்ததும் கீழே வைத்துவிட வேண்டாம், எத்தனை சதவீதம், கழுவியதா என்று மட்டும் விசாரியுங்கள். பதில் சொல்லத் தெரியாத ரோஸ்டரிடம் வாங்க வேண்டாம்.

பிரஷர்_9:

எல்லோரும் கொட்டையைப் பற்றியே பேசுகிறோம். அடையாறு_மழை, நீங்கள் ஷாட், அதாவது ஒரு முறை இறக்கும் எஸ்பிரெசோ, எப்படி எடுக்கிறீர்கள்? எத்தனை கிராம் தூள், கோப்பையில் எத்தனை கிராம், எத்தனை விநாடி? தண்ணீர் எது? அப்புறம், கசப்பு என்று நீங்கள் சொல்வது நாக்கின் பின்னால் நிற்கும் கசப்பா, அல்லது வாழைக்காய்ப் பால் பட்டது போல வாயெல்லாம் இழுத்துக்கொள்கிறதா?

அடையாறு_மழை:

இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

16 கிராம் தூள் போடுகிறேன். இரண்டு கப் பட்டனை அழுத்தினால் மெஷினே நின்றுவிடும். எடை போட்டுப் பார்த்தேன், 60 கிராம் வருகிறது, 40 விநாடிக்கு மேல் ஆகிறது. தண்ணீர் வீட்டு ஆர்ஓ. வாய் இழுப்பதும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது. மாலையில் இன்னும் மோசம்.

பிரஷர்_9:

சரி, இதில் பாதி கசப்பு அந்தப் பட்டனில் இருக்கிறது. எஸ்பிரெசோவில் முதலில் இறங்குவது புளிப்பு, நடுவில் இனிப்பு, கடைசியில் கசப்பும் துவர்ப்பும். 16 கிராம் தூளுக்கு 32 கிராம் வந்ததும் நிறுத்த வேண்டும். நீங்கள் அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட அவ்வளவு இறக்குகிறீர்கள். அந்தப் பின்பாதியில் நீங்கள் தேடுகிற சாக்லேட் எதுவும் இல்லை.

கோப்பைக்கு அடியில் தராசை வைத்துக் கையால் நிறுத்துங்கள். உங்கள் மெஷினில் பட்டனின் அளவை மாற்றிப் பதிய வைக்கவும் வழி இருக்கும், கையேட்டைப் பாருங்கள். 32 கிராம் 25 முதல் 30 விநாடிக்குள் வரும்படி அரைப்பைச் சரிசெய்யுங்கள். அப்படியும் கசந்தால் அளவை 24 கிராமுக்குக் குறைத்துப் பாருங்கள். அதுதான் ரிஸ்ட்ரெட்டோ. சாக்லேட் பிளெண்டுகள் ரிஸ்ட்ரெட்டோவில் கெட்டியாக, இனிப்பாக வரும். என் வீட்டில் எப்போதும் அந்தப் பக்கம் சாய்த்துத்தான் எடுக்கிறேன்.

வாய் இழுக்கிறது என்றால் தண்ணீர் தூளில் ஒரே சீராக இறங்கவில்லை. ஒரு இடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு அந்த வழியாகப் பாய்ந்தால் அங்கே உள்ள தூள் மட்டும் வெளுத்துப்போகும், துவர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. அழுத்துவதற்கு முன்னால் மெல்லிய ஊசியால் தூளைக் கிளறிக் கட்டிகளை உடையுங்கள், மட்டமாகப் பரப்பிவிட்டு நேராக அழுத்துங்கள்.

மாலையில் மோசம் என்றீர்களே, பாலை நுரைத்த பிறகு ஷாட் எடுக்கிறீர்களா? சின்ன மெஷின்களில் ஆவிக்காக ஏற்றிய சூடு இறங்க நேரமாகும். உடனே ஷாட் எடுத்தால் கொதிக்கும் தண்ணீர்தான் தூளில் விழும். கொஞ்சம் வெறும் தண்ணீரை ஓடவிட்டு எடுங்கள், அல்லது முதலில் ஷாட், பிறகு பால். மீடியம் டார்க் வறுவலுக்கு 90, 91 டிகிரியே போதும்.

ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, என்ன என்று பாருங்கள். 20, 30 என்று இருந்தால் காபி சப்பென்றும் கூர்மையாகவும் இருக்கும். 100 முதல் 150 வரை நல்லது. நிறைய ஆர்ஓ மெஷின்களில் அதைக் கூட்ட ஒரு திருகு உண்டு. அதற்காக அடையாறு போர் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள், மெஷின் சீக்கிரம் உப்புப் படிந்து போகும்.

மயிலை_டிகாஷன்:

ஒரு சந்தேகம். தெருமுனைக் காபித்தூள் கடையில் தினமும் புதிதாக வறுக்கிறார்கள். பீபெர்ரி, பிளாண்டேஷன் ஏ எல்லாம் இருக்கிறது, விலையும் குறைவு. அதையே எஸ்பிரெசோவுக்குப் போடலாமா?

வறுகடை_கோவை:

போடலாம். புத்தம் புதிய வறுவல் என்பது பெரிய பலம். ஆனால் அரைக்காமல் கொட்டையாக வாங்குங்கள். ஃபில்டருக்கு அரைத்த தூள் எஸ்பிரெசோவுக்குப் பெரும்பாலும் பருமன் அதிகம். சிக்கரி சேர்க்க வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். விதிப்படி காபி சிக்கரிக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். பாலும் சர்க்கரையும் சேரும் டிகாஷனுக்கு அது பொருந்தும், பால் இல்லாத எஸ்பிரெசோவில் சாக்லேட்டை மூடிவிடும்.

இன்னொன்று, நம் கடைகளில் ஃபில்டருக்காகக் கொஞ்சம் அதிகமாகவே வறுப்பார்கள். எண்ணெய் வருவதற்கு முன்னால் இறக்கித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பழைய கடைக்காரர்கள் பலர் கேட்டால் செய்து தருவார்கள். பிளாண்டேஷன் ஏ முக்கால், ரோபஸ்டா பார்ச்மெண்ட் கொஞ்சம் என்று கலக்கச் சொன்னால் உங்கள் சொந்த பிளெண்ட் தயார். பீபெர்ரியில் ஒரு பழத்துக்கு ஒரே கொட்டை, உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், மற்றபடி அதில் தனியாகச் சாக்லேட் கூடும் என்று நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

சேர்வராயன்_சாரல்:

ஒரு துளி உப்பு போட்டால் கசப்பு அடங்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், சோடியம் நாக்கில் கசப்பை மட்டுப்படுத்தும். ஆனால் நல்ல காபிக்கு அது தேவைப்படக் கூடாது. கையில் இருக்கும் அந்தக் கறுத்த பாக்கெட்டைத் தீர்க்க வேண்டுமானால் செய்யுங்கள்.

அடையாறு_மழை:

எல்லோரும் சொன்னதைக் கேட்டு இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்று சிக்கமகளூரு எஸ்.795 உடன் கழுவிய ரோபஸ்டா 15 சதவீதம், மீடியம் டார்க். மற்றொன்று முழு அரபிகா, பழத்தோடு உலர்த்தியது, மீடியம். இரண்டிலும் வறுத்த தேதி இருந்தது, பத்து நாள் கழித்துத்தான் பிரித்தேன்.

முதல் பாக்கெட்டில் கோகோ வாசனை அரைக்கும்போதே வருகிறது. 16 கிராமுக்கு 30 கிராம், 28 விநாடி. கசப்பு இருக்கிறது, ஆனால் 70 சதவீத சாக்லேட்டில் இருக்கும் அளவுதான், விழுங்கியதும் போய்விடுகிறது. பாலில் போட்டால் இன்னும் அருமை. வீட்டுக்காரர் சர்க்கரையை நிறுத்திவிட்டார். இரண்டாவது பாக்கெட்டில் இனிப்பு அதிகம், ஆனால் உலர்திராட்சை வாசனை தூக்கலாக இருக்கிறது. பால் சேர்த்தால் காபியே தெரியவில்லை. நான் முதல் பாக்கெட்டோடு இருக்கப் போகிறேன்.

பழைய கறுத்த கொட்டையையும் 24 கிராமில் நிறுத்திப் பார்த்தேன். துவர்ப்பு போய்விட்டது, கரிக் கசப்பு போகவில்லை.

பிரஷர்_9:

அந்தக் கரிக் கசப்பு வறுவலிலேயே வந்தது, மெஷினில் எதைத் திருகினாலும் போகாது. சல்லடையையும் மெஷினின் வாய்ப்பகுதியையும் ஒருமுறை நன்றாகக் கழுவிவிடுங்கள். பழைய கொட்டையின் எண்ணெய் அங்கே ஒட்டியிருந்தால் புதுக் காபியும் நாறும்.

பத்து நாள் பொறுத்தது நல்லது. புதிதாக வறுத்த கொட்டையில் கரியமில வாயு நிறைய இருக்கும், ஷாட் நுரைத்துக்கொண்டு ஓடும். எஸ்பிரெசோவுக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆறவிடலாம். பிரித்த பிறகு சென்னை ஈரக்காற்றில் வைக்காமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

யாழ்_முற்றம்:

எங்களிடம் எஸ்பிரெசோ மெஷின் இல்லை, அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாட்தான். இதே மாதிரி பிளெண்ட் அதற்கும் சரி வருமா? எனக்கு எப்போதும் கசப்பாகவே வருகிறது.

டொரோண்டோ_தமிழ்:

சரியாக வரும், நானும் வார நாட்களில் மோக்காதான் போடுகிறேன். அரைப்பை எஸ்பிரெசோவைவிடக் கொஞ்சம் கரகரப்பாக வைத்துக்கொள்ளுங்கள், தூளை அழுத்த வேண்டாம். அடிப்பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடாகும் வரை தூள் அடுப்பிலேயே வெந்துகொண்டிருக்கும், ஆகவே கொதித்த தண்ணீரை ஊற்றி, துணியால் பிடித்து மூடுங்கள். தணல் குறைவாக இருக்கட்டும். மேலே வரும் காபி வெளிறி, குமிழ் விடத் தொடங்குகிற நேரத்தில் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அந்தக் கரகர சத்தம் வரும் வரை காத்திருக்கக் கூடாது, கசப்பு அதற்குப் பிறகு வருவதில்தான்.